வானத்தின் குரல்

ஹெல்கன் கோட்டைக்கு அடியிலுள்ள குகை முடிந்து வெளிச்சம் தெரியும் வாசலை எத்தனை முறை கடந்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. சற்று முன்புதான் மரக்கட்டையில் தலைவைத்துக் கோடாலிக்குக் காத்திருந்தோம். கரிய டிராகன் ஒன்று கோபுரத்தின் மேல் வந்து அமர்ந்து வாய் திறந்தது, கோட்டையே நெருப்பானது. புகைக்குள் ஓடி, நிலவறைக்குள் இறங்கி, சிலந்திகளையும் தூங்கும் கரடியையும் தாண்டி வெளியே வந்தால் எதிரே வானம். ஊசியிலைக் காடு. அதற்கு மேலே பனி மூடிய மலைகள். கூடத் தப்பி வந்தவர் ரிவர்வுட் என்ற ஊருக்குப் போவதாகச் சொல்கிறார். அவர் பின்னால் போகலாம். போகாமல் மலையேறலாம். ஆற்றில் இறங்கி நீரோட்டத்தோடு நீந்தலாம். எங்கே போகிறாய் என்று கேட்கவும் ஆளில்லை, போகாதே என்று மறிக்கவும் ஆளில்லை.

அந்த வாசலில் நின்று நான் கண் கலங்கியிருக்கிறேன். கணினித் திரையைப் பார்த்து அழுவார்களா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே பதில்: ஒருமுறை வந்து நின்று பாருங்கள்.

ஸ்கைரிம், எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் ஐந்தாவது கேம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரில் இருக்கும் பெதெஸ்தா கேம் ஸ்டூடியோஸ், டாட் ஹவர்டின் தலைமையில் உருவாக்க, 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. அதற்கு முன்னால் 1994இல் அரீனா, 1996இல் டாகர்ஃபால், 2002இல் மாரோவிண்ட், 2006இல் ஆப்லிவியன். ஸ்கைரிமில் நடந்து பார்க்கக்கூடிய நிலத்தின் பரப்பு சுமார் 37 சதுர கிலோமீட்டர் என்பார்கள். ஒன்பது நாடுகளாகப் பிரிந்த வடபுல தேசம் அது. நார்டுகள் என்ற மனித இனத்தின் தாயகம். ஒரு நடுத்தர ஊரின் அளவு நிலம்தான். அதற்குள் இவர்கள் வைத்திருக்கும் மலையும் சுனையும் கல்லறையும் கோயிலும் எனக்கு ஓர் ஆயுளுக்குக் காணும்.

கதை அவசரமானதுதான். உலகை விழுங்கவல்ல டிராகன் ஆல்டுயின் திரும்பி வந்துவிட்டான், புதைந்த டிராகன்களை எழுப்புகிறான், டிராகனின் ஆன்மா கொண்டு பிறந்த நீதான் அவனை எதிர்க்க வேண்டும். ஆனால் நீ ஆற்றங்கரையில் நீல மலர் பறித்துக்கொண்டு நின்றால் ஆல்டுயின் காத்திருக்கிறான். பட்டாம்பூச்சி பின்னால் போனாலும் காத்திருக்கிறான். ஒரு மழைக்காலம் முழுவதும் நீ கேமைத் திறக்காமலே இருந்தாலும், உலகம் விட்ட இடத்தில் நின்று உனக்காகப் பொறுத்திருக்கும். கதையின் வேகம் இதனால் கெட்டுப்போகிறது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தக் காத்திருப்புதான் ஸ்கைரிமின் பெருங்கருணை. வேலையை முடிக்க வந்தவனுக்கும் இது வழி விடுகிறது. ஆனால் சும்மா நடந்து வருகிறவனிடம்தான் தன்னை முழுதாகக் காட்டுகிறது.

அதனால் நான் நடக்கிறேன். மேப்பில் ஓர் ஊரைத் தொட்டால் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடும் ஃபாஸ்ட் டிராவல் வசதி உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. திரையின் உச்சியில் திசைகாட்டிப் பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், எங்கே என்ன இருக்கிறது என்று குறி காட்டும். செட்டிங்ஸில் அதன் ஒளியைக் குறைத்து மறைத்துவிட்டேன். அதன் பிறகுதான் புகையைப் பார்த்து அங்கே கூடாரம் இருக்கிறது என்று அறியப் பழகினேன். தண்ணீர் ஓசையைக் கேட்டு அருவியைக் கண்டேன். வைட்ரன் நகரத்தைச் சுற்றிய புல்வெளியில் ராட்சதர்கள் தங்கள் மாமத யானைகளை மேய்த்துக்கொண்டு, இரவில் பெரும் நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் நிற்பார்கள். அவர்கள் இடத்துக்குள் நுழையாதவரை ஒன்றும் செய்யமாட்டார்கள். தூரத்துப் பாறையில் உட்கார்ந்து, அந்தப் பெரிய உருவங்கள் தீயின் முன்னால் அசைவதைப் பார்த்துக்கொண்டே ஒரு ராத்திரியைக் கழித்திருக்கிறேன். கையில் வில் இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

தெற்கே ரிஃப்டில் பிர்ச் மரங்கள் எந்நேரமும் இலையுதிர் காலத்துப் பொன்னில் நிற்கும். கிழக்கே ஈஸ்ட்மார்ச்சில் பூமி வெடித்து வெந்நீர் ஊற்றுகள் ஆவி விடும். வடக்கே போகப் போகப் பனி, அதற்கப்பால் ஆவிகளின் கடல், அதில் மிதக்கும் பனிப்பாறைகள். இரவில் மாசர், செகுண்டா என்று இரண்டு நிலவுகள். தெளிந்த ராத்திரிகளில் வடதுருவ ஒளி பச்சையும் ஊதாவுமாக வானத்தில் திரை விரிக்கும். அப்போது ஜெரமி சோல் இசையமைத்த ‘செகுண்டா’ மெல்ல எழுந்தால், ஹெட்போனைக் கழற்ற மனம் வராமல் அப்படியே நிற்பேன். சண்டைக்கு முரசு கொட்டத் தெரிந்த மனிதர்தான். ஆனால் தனியே நடக்கிறவனோடு கூட நடக்கும் இசையை அவர் தந்ததற்காக நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இங்கே நரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காட்டில் நரி குறுக்கே ஓடினால் அதன் பின்னால் போ, புதையல் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடும் என்று ஸ்கைரிம் ஆடுபவர்களிடையே ஒரு நம்பிக்கை நெடுநாளாக இருந்தது. போய்ப் பார்த்தவர்களுக்கு அது பலித்தும் வந்தது. நானும் போயிருக்கிறேன்; பாழடைந்த முகாம் ஒன்றும் பாறைக்குள் ஒளிந்த குகை ஒன்றும் எனக்கு நரி காட்டியவைதான். யார் எழுதிய ரகசியம் இது? 2021இல் ஜோயல் பர்கெஸ் விளக்கினார். ஸ்கைரிமில் லெவல் டிசைனராக வேலை செய்தவர். நரிக்குப் புதையல் காட்டச் சொல்லி யாருமே எழுதவில்லை. உயிர்கள் நடப்பதற்காக நிலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத முக்கோணங்களால் ஆன வலை ஒன்று விரித்திருக்கிறார்கள். வெற்றுக் காட்டில் முக்கோணங்கள் பெரியவை, குறைவு. முகாமும் இடிபாடும் உள்ள இடத்தில் சிறியவை, நெருக்கமானவை. மனிதனைக் கண்டு ஓடும் நரி தூரத்தைக் கணக்கிடுவதில்லை. எத்தனை முக்கோணங்களுக்கு அப்பால் போனோம் என்று கணக்கிடுகிறது. ஆகவே முக்கோணம் அடர்ந்த பக்கமாக, அதாவது ஏதோ ஒன்று இருக்கும் பக்கமாகவே ஓடுகிறது.

இதைப் படித்த அன்று எனக்குப் பக்தி கூடியது. காரணம் தெரிந்துவிட்டால் அதிசயம் போய்விடும் என்பார்கள். என் அனுபவம் அப்படியில்லை. செய்தவர்கள் உழைத்து நெருக்கமாக இழைத்த இடங்களை நோக்கி அவர்களே அறியாமல் ஒரு சிறு உயிர் வழிகாட்டிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை ஆண்டுகள். உழைப்பு எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே அருள் திரும்புகிறது. நான் நரியைப் பார்த்தால் இப்போதும் பின்னால் ஓடுகிறேன்.

ஆனால் என் நெஞ்சு முழுவதும் குடியிருப்பது ஏழாயிரம் படிகள்தான். ஐவர்ஸ்டெட் என்ற ஏரிக்கரைச் சிற்றூரில், ஆற்றுக்கு மேலே ஒரு கற்பாலத்தைக் கடந்ததும் அவை தொடங்குகின்றன. ஏறும் மலைக்கு உலகின் தொண்டை என்று பெயர். வானம் தன் மூச்சை மண்ணின் மேல் விட்டபோது இந்த மலையில்தான் மனிதர்கள் உண்டானார்கள் என்பது நார்டுகளின் நம்பிக்கை. அந்த வானத்தின் தேவி கைனரெத். பழைய நார்டுகளுக்குக் கைன். காற்றும் மழையும் பறவையும் விலங்கும் அவளுடையவை. மலை மேலே ஹை ஹ்ரோத்கார் என்னும் மடம். அதில் நரைதாடித் துறவிகள் சிலர். பாலத்தடியில் கிளிம்மெக் என்ற ஊர்க்காரர் நிற்பார். துறவிகளுக்கு உணவுப்பொருள்கள் கொண்டு போய் வைத்துவிட்டு வருவது அவர் வழக்கம். இந்த முறை நீ எடுத்துப் போகிறாயா என்று ஒரு மூட்டையை நீட்டுவார். மடத்து வாசலில் இருக்கும் காணிக்கைப் பெட்டியில் அதை இட வேண்டும், அவ்வளவுதான். உலகைக் காக்கப் பிறந்தவன் தோளில் ஒரு மூட்டை உணவோடு மலையேறுகிறான். ஸ்கைரிமில் நான் செய்த எந்த வீரச்செயலும் இந்தச் சுமைக்கு ஈடாகாது.

எண்ணிப் பார்த்தால் ஆயிரம் படிகள்கூடத் தேறாது. ஏழாயிரம் என்பது அந்த ஊர் வாக்கு, அது அப்படியே இருக்கட்டும். வழியெங்கும் சிறு சிறு கல் மாடங்கள், ஒவ்வொன்றிலும் எழுத்துப் பொறித்த பலகை, மொத்தம் பத்து. அவற்றை யாரும் படிக்கச் சொல்வதில்லை. எந்தக் குவெஸ்டும் அவற்றைக் கேட்பதில்லை. பாதையில் கரிட்டா என்றொரு பெண் உட்கார்ந்து தியானித்துக்கொண்டிருப்பாள். அவள் வருவதே இந்தப் பலகைகளுக்காகத்தான்.

நான் ஏறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் பெரியம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். டிராகனையும் வாளையும் அவர் கண்டுகொள்வதில்லை. படிகளைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

“எந்த ஊர் மலை கண்ணு இது?”

“நிஜ ஊரு இல்லீங்க பெரியம்மா. கேமுக்காகச் செஞ்சது.”

“செஞ்சதா இருந்தா என்ன, படி படிதானே. அதா பாரு, கல்லுல என்னமோ எழுதியிருக்குது. நின்னு படி.”

நின்றேன். ஆங்கிலத்தில் இருந்ததை அவருக்குத் தமிழில் சொன்னேன். மனிதர்கள் பிறப்பதற்கு முன் டிராகன்கள் ஆண்ட காலம். பிறகு பிறந்த மனிதர்களின் எளிமை. டிராகனோடு மோதி அவர்கள் நெஞ்சு உடைந்த கதை. அதைக் கண்டு கைன் இரங்கியது; பார்தர்நாக்ஸ் என்ற டிராகனும் மனிதர்மேல் பரிவு கொண்டு, தேவியோடு சேர்ந்து அவர்களுக்குச் சொல்லை ஆயுதமாக முழங்கும் குரலைக் கற்றுக்கொடுத்தது. “பாம்புக்கும் மனசு இருக்கும்” என்றார் பெரியம்மா. அடுத்தடுத்த பலகைகளில் மனிதர்கள் குரலின் வலிமையால் வெல்கிறார்கள், பேரரசு காண்கிறார்கள், செம்மலையில் ஒருநாள் தோற்றுச் சிதறுகிறார்கள். அந்தத் தோல்வியிலிருந்து திரும்பிய யூர்கன் விண்ட்காலர் ஏழு ஆண்டுகள் தியானத்தில் அமர்கிறார், இத்தனை வலிய குரல்கள் ஏன் தோற்றன என்று. முடிவில் அவர் மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறார். பதினேழு பேர் அவரை எதிர்த்து முழங்கியும் அவரை அசைக்க முடியவில்லை. இந்த மலையில் மடம் கட்டியவர் அவர்தான். குரல் என்பது வழிபாடு, மெய்யான தேவை வரும்போது மட்டும் பேசு என்பது கடைசிப் பலகையின் சாரம்.

ஒவ்வொரு மாடத்திலும் பெரியம்மா “ம்” என்றார். இடையில் பனிமேட்டில் வெள்ளை ட்ரோல் ஒன்று பாய்ந்து வந்தபோது மட்டும் எழுந்து காபி போடப் போனார்.

பத்தாவது பலகையைப் படித்து முடித்ததும் திரையின் மூலையில் சின்னதாக ஒரு வரி தோன்றியது: வானத்தின் குரல் உன்மேல் இறங்கியிருக்கிறது. அந்த உலகத்து ஒரு பகலும் ஒரு இரவும் எந்த விலங்கும் உன்னைத் தாக்காது. உன்னைக் கண்டு ஓடவும் செய்யாது.

என்ன வரம் இது! வாளைக் கூராக்கும் வரமில்லை, பொன் கொட்டும் வரமில்லை. பத்து இடத்தில் நின்றவனுக்கு மட்டும் கிடைப்பது. மடத்தில் மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பி இறங்கினேன். பாதையின் நடுவே ஓநாய் நின்றது. ஸ்கைரிமில் ஓநாய் நின்றால் அடுத்த நொடி பாயும். கட்டைவிரல் தானாகவே கேடயத்துக்குப் போகும். இது பாயவில்லை. திரும்பிப் பார்த்தது, பக்கத்தில் வந்தது, என்னைத் தாண்டித் தன் வழியே போனது. கீழே காட்டில் மான் புல் மேய்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக ஐம்பதடி தூரத்திலேயே தெறித்து ஓடும் மான், நான் கொம்பைத் தொடும் தூரத்துக்கு வந்தும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டது. அந்த ஒரு நாள் முழுவதும் வாளை உறையிலேயே போட்டுக் காட்டுக்குள் சுற்றினேன். முயல் காலடியில் ஓடியது, கரடி பாறையடியில் படுத்திருந்தது, நான் நடுவே நடந்தேன். வேட்டைக்காரனாக இல்லாமல், இரையாகவும் இல்லாமல், அவற்றோடு ஒன்றாக. கைனரெத் தன் பிள்ளைகளை எந்தக் கண்ணால் பார்ப்பாளோ அந்தக் கண்ணை ஒரு நாளைக்கு எனக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டாள் என்றே சொல்வேன்.

ஒன்பது தெய்வங்களின் சன்னதிகள் ஊர்க் கோயில்களிலும் உண்டு. பீடத்தைத் தொட்டால் நோய் தீரும், சில மணி நேரத்துக்கு ஓர் ஆசி கிடைக்கும். பயனுள்ளவை, நானும் தொடுகிறேன். தடை செய்யப்பட்ட டாலோஸின் சிலைகள் பல காட்டு மலைகளில் ஒதுங்கி நிற்கும், அடியில் யாரோ வைத்த பூவும் காசுமாக. போரில் தோற்ற பேரரசு எல்ஃப்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தால் வந்த தடை அது. ஒரு சிலையடியில் கும்பிட வந்தவர்களும் அவர்களைப் பிடிக்க வந்தவர்களும் ஒன்றாகச் செத்துக் கிடந்ததைப் பார்த்தேன். யாரும் கதை சொல்லவில்லை. கிடந்த விதமே சொன்னது.

வைட்ரன் நகர நடுவில் கில்டர்கிரீன் என்னும் பெருமரம் இடி விழுந்து பட்டுப்போய் நிற்கிறது. எதிரே கைனரெத் கோயில். பூசாரி டானிகா, மரத்தை உயிர்ப்பிக்க அதன் தாய் மரமான எல்டர்கிளீமின் பால் வேண்டும் என்கிறார். அந்தத் தாய் மரம் உலகத்தின் மிகப் பழைய உயிர்களில் ஒன்று. சாதாரண இரும்பு அதன்மேல் இறங்காது. நெட்டில்பேன் என்ற கத்தி ஒன்றுதான் இறங்கும்; அதைக் காட்டுச் சூனியக்காரியிடமிருந்து மீட்டு வர வேண்டும். மீட்டு வந்து கோயிலில் நிற்கும்போது மோரீஸ் என்ற யாத்திரிகர் நானும் வருகிறேன் என்பார். கில்டர்கிரீனைத் தரிசிக்க எங்கிருந்தோ வந்து, பட்ட மரத்தைக் கண்டு மனம் வாடியிருப்பவர்.

சண்டை தெரியாத மனிதர். அவரைக் காட்டு வழியில் உயிரோடு கொண்டு சேர்ப்பதே பெரும்பாடு. வேண்டாம், தனியே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் மரத்தைக் கீறிப் பாலை எடுத்து வருபவர்களும் இருக்கிறார்கள். அந்த வழியில் மரத்தின் காவல் உயிர்கள் சினந்து எழும், இரத்தம் சிந்தும். மோரீஸை அழைத்துப் போனால் நடப்பது வேறு. வெந்நீர் ஊற்றுகள் புகையும் சமவெளியில் ஒரு குகை. உள்ளே இறங்கினால் அருவி, பசுமை, மேலிருந்து விழும் ஒளி, மேட்டில் இளஞ்சிவப்புப் பூவாய்க் குலுங்கும் அந்த மரம். என் கையில் கத்தியைப் பார்த்ததும் மோரீஸ் துடித்துப்போனார். இதைக் காயப்படுத்தாதே, எனக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்று வேண்டினார். சரி என்றேன். அவர் மண்டியிட்டார். கத்தியில்லை, மந்திரக்கோல் இல்லை, கும்பிட்டார், அவ்வளவுதான். அவர் முன்னால் ஒரு சிறு கன்று முளைத்து நின்றது.

அந்தக் கன்றைக் கையில் வாங்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நான் மீட்டு வந்த ஆயுதத்துக்கு அங்கே வேலையே இல்லை. நடக்கத் தெரிந்த, கும்பிடத் தெரிந்த ஒரு சாதாரண மனிதருக்கு மரம் தன் பிள்ளையைக் கொடுத்துவிட்டது. கோயிலுக்குக் கொண்டு வந்தால் டானிகாவுக்கு முதலில் ஏமாற்றம். பழைய மரம் உயிர்த்தெழும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். பிறகு அவர் மனம் தேறியது. பட்ட மரம் போய் அதே இடத்தில் கன்று நின்றது. வைட்ரனுக்குள் போகும்போதெல்லாம் சந்தைப் படியேறி அந்தக் கன்றைச் சுற்றிவிட்டுத்தான் அடுத்த காரியம்.

பக்திக்கு வேறொரு முகமும் ஸ்கைரிமில் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. விண்டர்ஹோல்டுக்குத் தெற்கே மலையுச்சியில் அசூராவின் சிலை, ஒரு கையில் நிலவும் மறுகையில் விண்மீனும் ஏந்தி, பனிக்காற்றில் வானளாவ நிற்கிறது. செம்மலை வெடித்தபோது மாரோவிண்ட் நாட்டை விட்டு ஓடி வந்த டன்மர் இன அகதிகள், தப்பவைத்த தேவிக்கு எழுப்பிய நன்றிக் கல் அது. இன்று அதன் அடியில் ஒரே ஒருத்தி: அரேனியா. மற்றவர்கள் போய்விட்டார்கள். தேவி காட்டும் காட்சிகளைக் கண்டுகொண்டு அவள் மட்டும் காத்திருக்கிறாள். நீ வருவாய் என்பதும் அவள் முன்பே கண்டது. அவள் சொன்னபடி விண்மீனைத் தேடி மீட்டு, தூய்மையாக்கி, தேவியிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அவள் முகம் மாறியிருக்கிறது. அதுதான் கடைசிக் காட்சி. இனி அசூரா அவளோடு பேசமாட்டாள்.

ஆயுள் முழுவதும் அந்தக் குரலுக்காகக் குளிரில் நின்றவளுக்கு அது நின்றுபோகிறது! சிலைக்குக் கீழே நான் செயலற்று நின்றேன். அவள் தேவியைப் பழிக்கவில்லை. கேட்டால் உன்னோடு வருகிறேன் என்கிறாள். அன்று முதல் என் நடைக்கு அவள்தான் துணை. அவளைப் போர்க்களங்களுக்கு இழுத்துப் போவதில்லை. ஏரிகளுக்கு அழைத்துப் போகிறேன்.

இத்தனையையும் செய்தவர்களை நினைக்காமல் கும்பிட்டால் அந்தக் கும்பிடு பாதிதான். பழைய டிராகன் மொழியில் எழுதப்பட்ட சொற்சுவர்கள் அந்தத் தேசம் முழுவதும் மலைமுகட்டிலும் கல்லறை ஆழத்திலும் நிற்கின்றன. நெருங்கும்போதே எங்கிருந்தோ ஆண் குரல்கள் திரண்டு ஓதுவது கேட்கும். அடி எடுத்து வைக்க வைக்க ஓதல் ஓங்கும், சுற்றிலும் இருளும், சுவரில் ஒரே ஒரு சொல் மட்டும் நீலமாய்க் கனன்று நம் உடம்புக்குள் பாயும். அந்த எழுத்துகளை வரைந்தவர் ஆடம் ஆடமோவிச், ஸ்கைரிமின் கருத்தோவியர். டிராகன் தன் நகத்தால் கல்லைக் கீறினால் எழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்து 34 வடிவங்களை உருவாக்கினார். கேம் வெளிவந்து மூன்றே மாதத்தில், 2012 பிப்ரவரியில், புற்றுநோயால் காலமானார். அவர் கீறலுக்கு முன்னால் நான் ஒவ்வொரு முறையும் தலை வணங்குகிறேன். மொழியை வகுத்தவர் எமில் பாக்லியாருலோ. தலைப்புப் பாடல் டிராகன் மொழியிலும் அதன் ஆங்கிலப் பொருளிலும் ஒருசேர இயைபு கொண்டு ஒலிக்க வேண்டும் என்று வார்த்தைகளை இழைத்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பாடவைத்து, மூன்று முறை பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொண்ணூறு குரல்களின் முழக்கம் ஆக்கினார் சோல். கேமைத் திறந்ததும் கறுப்புத் திரையில் அந்த முழக்கம் எழும். ஸ்டார்ட் அழுத்தாமல் அது முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போவேன்.

உலகமெங்கும் இதற்கு அடியார்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஷெர்லி கரி என்ற மூதாட்டி, 1936இல் பிறந்தவர், தான் ஸ்கைரிமில் நடப்பதைப் பதிவு செய்து யூடியூபில் போட்டார். 2015இல் உலகம் அவரைக் கண்டுகொண்டது. பார்ப்பவர்களையெல்லாம் பேரப்பிள்ளைகள் என்று அழைப்பார். வரவிருக்கும் ஆறாவது கேமில் அவரை ஒரு பாத்திரமாக வைக்க வேண்டும் என்று ரசிகர்கள் மனுப் போட, பெதெஸ்தா 2019இல் ஒப்புக்கொண்டது. அவர் வீடியோக்களில் அவசரமே இருக்காது. பேசிக்கொண்டே நடப்பார், நின்று பார்ப்பார், மறுபடி நடப்பார். அது எனக்குப் பாடம்.

மடத்துக்கு மேலேயும் மலை இருக்கிறது. அங்கே வீசும் மூடுபனி உயிரை உறிஞ்சும். வானம் தெளியச் சொல்லும் மூன்று சொற்களைத் துறவிகள் கற்றுத் தந்த பிறகே ஏற முடியும்: லோக், வா, கூர். முழங்கினால் பனி விலகும், நான்கடி தூரம் வழி தெரியும், மறுபடி மூடும், மறுபடி முழங்க வேண்டும். உச்சியில் சிதைந்த சொற்சுவர் ஒன்றின்மேல் கிழிந்த சிறகுகளோடு உட்கார்ந்திருப்பவர் பார்தர்நாக்ஸ். பலகையில் படித்த அதே டிராகன். ஒரு காலத்தில் ஆல்டுயினின் வலக்கையாக நின்று மனிதர்களை நசுக்கியவர். மனம் மாறி மனிதருக்குக் குரல் கொடுத்தவர். ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தன் பிறவிக் குணத்தோடு தினமும் மல்லுக்கட்டிக்கொண்டு இந்தக் குளிரில் தவமிருப்பவர். டிராகன்களின் வழக்கப்படி முதலில் நெருப்பால் முகமன் கூற வேண்டும் என்பார். யோல் என்ற சொல்லைத் தந்து, என்மேல் ஊது என்பார். ஊதினேன். அந்த வயதான முகத்தில் என் நெருப்பு பட்டதும் அவர் மகிழ்ந்ததைப் போல யாரும் என்னால் மகிழ்ந்ததில்லை.

பிறகு ஒருநாள் டெல்ஃபின் கூப்பிட்டார். பிளேட்ஸ் என்ற பழைய டிராகன் வேட்டைக் கூட்டத்தின் கடைசி ஆட்களில் ஒருவர். பார்தர்நாக்ஸ் செய்த பழைய பாவத்துக்கு அவர் சாக வேண்டும், அதை நீதான் செய்ய வேண்டும், செய்யாதவரை எங்கள் உதவி உனக்கில்லை. அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு ஜர்னலில் குவெஸ்ட் ஏறிவிட்டது. மாட்டேன் என்று சொல்லி அதைப் பட்டியலிலிருந்து நீக்க வழியே கொடுக்கவில்லை கேம். செய்து முடிக்கலாம், அல்லது முடிக்காத வேலையாக என்றைக்கும் அது பட்டியலில் நிற்கும்.

நிற்கட்டும். எல்லாவற்றையும் முடித்துக் கோடிடத் துடிக்கும் நண்பர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள்; டெல்ஃபின் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்கே தெரியும், நசுக்கப்பட்டவர்களின் கணக்கு யாரிடமோ இருக்கத்தானே வேண்டும். ஆனாலும் என் கை அந்தக் கிழவர்மேல் எழாது. பிளேட்ஸின் கோட்டைக் கதவு எனக்கு மூடியே இருக்கட்டும். ஃபஸ், ஃபெய்ம், யோல் என்ற மூன்று சொற்களில் ஏதேனும் ஒன்றைத் தியானிக்க அவர் துணை செய்வார். ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். இதுவரை ஃபஸ் என் நெஞ்சில் இருந்தது. இன்றிரவு ஐவர்ஸ்டெடில் கிளிம்மெக்கைப் பார்த்துவிட்டு, அரேனியாவையும் கூட்டிக்கொண்டு, பத்துப் பலகைகளிலும் நின்று, அவரிடம் போய் ஃபெய்ம் கேட்கப் போகிறேன். பெரியம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.